தோள்

ஏழாம் நிமிடத்தில் எழும் உச்சிக்கு
வலப்பக்கம் ஒரு சின்னத் தோள்.
மூன்று வருடமாக அதைப் பார்த்து வருகிறேன்.
நிரல் பழசு என்றேன்.
ஏசி சரியில்லை என்றார் றம்ஸீன்.
கொம்பனித்தெருவில் ரயில் நுழையும்போதெல்லாம்
கரைப்பான் போத்தல்கள் ஒன்றையொன்று இடிக்கும்,
அதுவாகவும் இருக்கலாம் என்றாள் துலாஞ்சலி.
மூவரும் எங்கள் தோளைக் குலுக்கிக்கொண்டோம்.

முறைக்கு வயது பதினொன்று.
மெதனோல் அறுபது, தண்ணீர் நாற்பது,
நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றர்.
எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டார்.
பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல் மட்டும்
விட்டுப் போயிருந்தார்:
போதும்.

மாற்றத் தொடங்கியது அறிவுத் தாகத்தால் அல்ல.
மெதனோல் ஏற்றிய கப்பல்
துறைமுகத்துக்கு வெளியே டொலருக்குக் காத்து நின்றது.
கையிருப்பு அரைப் போத்தல் அசற்றோநைத்திரைல்.
செட்டியார் தெருவில் பொன் நிறுப்பவன் மாதிரி
மூச்சை அடக்கி அதை அளந்தேன்.
குறைவாகக் குடிக்கும் ஒரு முறை,
மேலிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஒடுங்கிய நிரல் ஒன்றை மாட்டினேன்.
தாங்கற் கரைசலின் பீ.எச். இரண்டு புள்ளி எட்டு:
எல்லாம் ஒன்றாய் வந்து விழுந்தன,
பொரளைச் சந்தியில் ஐந்து மணி பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல.
நான்கு புள்ளி ஐந்து:
ஒன்றும் இறங்கவே இல்லை.
தேத்தண்ணி குடித்து, கோப்பையும் கழுவி வந்தேன்,
கோடு அப்படியே படுத்திருந்தது.
ஒவ்வொரு மாற்றத்துக்கும்
பழைய கரைசலை மறக்க
நிரலுக்கு நாற்பது நிமிடம் வேண்டும்.
அதற்குள் மின்சாரம் போனால்
மறந்ததும் மறக்கும்.

பாலையும் நீரையும் பிரிக்குமாம் அன்னம்.
அதனிடம் யாரும் கேட்கவில்லை
ஆறு தரம் செய்து காட்டு,
விலகல் இரண்டு வீதத்துக்குள் நிற்கட்டும் என்று.
கொடுத்துவைத்த பறவை.

செவ்வாய் பின்னேரம், நாலேகால்.
மூன்று புள்ளி ஆறு, முப்பத்தைந்து பாகை.
தோள் இறங்கி வந்து
தனியே நின்றது.
இரண்டுக்கும் நடுவே கோடு தரையைத் தொட்டது.
கத்திவிட்டேன்.
துலாஞ்சலி கையுறையோடு ஓடிவந்தாள்.
றம்ஸீன் கன்ரீனில் கடனுக்குக் கட்லட் வாங்கி வந்தார்.

இரண்டாவது கட்லட்டில்தான் உறைத்தது.
பூச்சியம் புள்ளி எட்டு வீதம்.
எல்லை, பூச்சியம் புள்ளி இரண்டு.
அப்படியென்றால் அலுமாரியில் இருக்கும் பதினொரு தொகுதிகள்?
ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும்
‘ஏற்கத்தக்கது’,
அதன்கீழ் நீல மையில் நான்.

லிஃப்ட் இயக்கும் மேர்வின் அண்ணனுக்கும் இதே மாத்திரைதான்.
காலையில் பாதி, இரவில் பாதி.
“பிறஷர் இறங்கிட்டுது மிஸ்,
லிஃப்ட்தான் இறங்க மாட்டன் எண்டுது” என்பார்.

இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
தட்டில் பதினொரு குப்பிகள்.
ஊசி ஒவ்வொன்றாய்க் குனிந்து உறிஞ்சியது.
கடைசி ரயிலும் போனபின்
போத்தல்கள் அசையவில்லை.
சாட்டு ஒன்றும் மிச்சமில்லை.
விடியும்போது கணக்கு முடிந்தது:
பதினொன்றில் ஏழு.

இங்கே அழிறப்பருக்கு அனுமதி இல்லை.
பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்ட வேண்டும்,
வெட்டியதும் வாசிக்கத் தெரிய வேண்டும்,
பக்கத்தில் திகதி, பெயரின் முதலெழுத்து.
பென்சில் சொல்லின் மேல் கோடு இழுத்தேன்.
பக்கத்தில் மையால் எழுதினேன்:
போதாது.

பிறகு அறிக்கைகளை எடுத்தேன்.
என் கையெழுத்தின் மேல் கோடு
அவ்வளவு நேராக வரவில்லை.

ஏழு மணிக்கு மேர்வின் அண்ணன் வந்து கதவைத் திறந்தார்.
சட்டைப்பையில் மாத்திரை அட்டை
வெள்ளியாய் எட்டிப் பார்த்தது.
“வெள்ளனவே வந்திட்டீங்கள் மிஸ். கீழயா?”
பணிப்பாளரின் அறை ஐந்தாம் மாடியில்.
“இல்லை, மேல” என்றேன்,
“அந்த அட்டையை ஒருக்காத் தாங்கோ,
தொகுதி இலக்கம் பார்க்க வேணும்.”